தூண்டிலில் மீன், எதிரே கரடி: என்ன செய்வது?

கேள்வி: வணக்கம் அண்ணா. நான் சியாட்டிலில் வேலை பார்க்கிறேன். வரும் ஜூலையில் நானும் என் மச்சானும் என் 11 வயது மகனும் அலாஸ்காவின் கீனாய் தீபகற்பத்துக்கு சால்மன் பிடிக்கப் போகிறோம். ரஷ்யன் ஆற்றுப் பக்கம் கூடாரம் போட்டு நான்கு நாள் தங்குவதாகத் திட்டம். ஏரியில் தூண்டில் போட்டுப் பழக்கம் உண்டு. கரடி உலவும் இடத்தில் போட்டதில்லை. மச்சான், "இடுப்பில் மணி கட்டிக்கொண்டால் போதும், வேண்டுமானால் துப்பாக்கியும் எடுத்துக்கொள்வோம்" என்கிறார். நான் பார்த்த ஒரு வீடியோவில் ஒருவர் மீனை இழுத்துக்கொண்டிருக்கும்போதே கரடி வந்து நிற்கிறது. அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும்? என் மனைவி ரொம்பவே பயப்படுகிறார். பையனைக் கூட்டிப்போகலாமா?

பதில்: பையனைப் பற்றிய கேள்வியைக் கடைசியில் வைத்திருக்கிறீர்கள். உங்கள் மனைவிக்கு அதுதான் முதல் கேள்வியாக இருக்கும், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். கூட்டிப்போகலாம். ஒவ்வொரு கோடையிலும் ஏராளமானோர் கரடிகள் நடமாடும் ஆறுகளில் நின்று மீன் பிடித்துவிட்டு ஒரு கீறல்கூட இல்லாமல் வீடு திரும்புகிறார்கள். ஆனால் விமானம் ஏறுவதற்கு முன்பே நீங்கள் மூவரும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்க வேண்டும். கரடி பக்கத்தில் வந்தால் கையிலிருக்கும் மீனை விட்டுவிடுவோம், அது எவ்வளவு பெரிய மீனாக இருந்தாலும் சரி. இந்த ஒன்றில் மூவருக்கும் மனமொத்தால் மற்றதெல்லாம் பழகிக்கொள்ளக்கூடிய விஷயங்கள்தான். ஒருவருக்குக்கூட மனம் வரவில்லை என்றால் இந்தப் பயணத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள் என்றுதான் சொல்வேன்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஆற்றங்கரையில் கரடிக்கும் மனிதனுக்கும் வரும் தகராறு பெரும்பாலும் மீனில்தான் தொடங்குகிறது. நீங்கள் போகும் ஜூலை மாதம் 'சாக்கை' (sockeye) என்ற வகை சால்மன் ஆறு ஏறிவரும் காலம். குளிர்காலத்தைத் தூங்கிக் கழிக்கப் போகும் கரடிக்கு, அதற்கு வேண்டிய கொழுப்பைச் சேர்த்துக்கொள்ள இருப்பது இந்தச் சில மாதங்கள் மட்டுமே. கடலோர அலாஸ்காவில் நன்றாக வளர்ந்த ஆண் பழுப்புக் கரடி 400 கிலோவுக்கும் மேல் எடை போடுகிறது என்றால் அதற்கு முக்கியக் காரணம் இந்த மீன்தான். அது மனிதனைத் தேடி வரவில்லை. ஆண்டாண்டு காலமாக வந்த அதே துறைக்கு, அதே மீனுக்காக வருகிறது. நடுவில் நாம் நிற்கிறோம்.

இப்போது வீடியோவில் நீங்கள் பார்த்த காட்சிக்கு வருகிறேன். தூண்டிலில் மாட்டிய சால்மன் தண்ணீரை அடித்துக்கொண்டு துள்ளும். அந்தச் சத்தம் கரடிக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். அடிபட்ட மீன், ஓடமுடியாத மீன், சுலபமாகக் கிடைக்கிற சாப்பாடு என்று அதற்குப் பொருள். ஒருமுறை அந்தத் துள்ளலைக் கேட்டு வந்து உங்கள் மீனைத் தின்றுவிட்டால் அந்தக் கரடி ஒரு பாடம் கற்றுக்கொள்கிறது: கோலோடு நிற்கிற மனிதன் இருக்கும் இடத்தில் மீன் கிடைக்கும். அதுவே தாய்க் கரடியாக இருந்தால் கூடவே வரும் குட்டிகளும் சேர்ந்து கற்றுக்கொள்கின்றன. அடுத்த வாரம் அதே இடத்தில் நிற்கப்போவது வேறு யாரோ, அவர் பக்கத்திலும் ஒரு குழந்தை இருக்கலாம். இப்படிப் பழகிப்போன கரடியைப் பிடித்துக் கொண்டுபோய் வேறு காட்டில் விட்டால் பல நேரம் வெகுதூரம் நடந்து திரும்பி வந்துவிடுகிறது. கடைசியில் அதைச் சுட்டுக் கொல்வதில்தான் முடிகிறது. கரடிகளைக் கண்காணிக்கும் வேலையில் இருப்பவர்களுக்கு இதைவிட மனசு கனக்கிற முடிவு கிடையாது. ஆரம்பம் எங்கே என்று தேடிப் போனால், விட மனம் வராமல் யாரோ இழுத்துக்கொண்டிருந்த ஒரு மீனில் போய் நிற்கும்.

அதனால் கரடி கண்ணில் பட்டதுமே தூண்டில் போடுவதை நிறுத்துங்கள். பக்கத்தில் வரட்டும், பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். காட்மாய் தேசியப் பூங்காவின் ப்ரூக்ஸ் ஆற்றில் கரடியிடமிருந்து 50 கெஜம், அதாவது ஏறக்குறைய 45 மீட்டர், விலகியிருக்க வேண்டும் என்பது விதி. நெருங்கி வந்தால் மீன் பிடிப்பதை நிறுத்திவிட வேண்டும், மீன் மாட்டியிருந்தாலும் அறுத்துவிட வேண்டும். யெல்லோஸ்டோன் பூங்காவில் கரடிக்கு விட வேண்டிய இடைவெளி 100 கெஜம். நீங்கள் எந்த ஆற்றில் நின்றாலும் இதில் பெரிய எண்ணையே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கரடி மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடியது. 50 கெஜம் என்பது அதற்குச் சில விநாடிகள்தான்.

மீன் மாட்டியிருக்கும்போது கரடி வந்துவிட்டால் முதலில் தூண்டில் நரம்பைத் தளர்த்திவிடுங்கள். இழுப்பு நின்றால் பெரும்பாலும் மீன் துள்ளுவதும் நிற்கும், சத்தம் அடங்கும். உடனே நரம்பை வெட்டிவிடுங்கள். இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. ரஷ்யன் ஆற்றில் சாக்கைக்குப் போடுகிற நரம்பு தடிமனானது, கையால் அறுபடாது. இழுத்து அறுக்கப் பார்த்தால் ஈயக் குண்டு தெறித்து முகத்தில் அடிக்கலாம், கண்ணே போய்விடும். அதனால் சின்னக் கத்தியோ நரம்பு வெட்டியோ மார்புப் பக்கம் தொங்கவேண்டும். பைக்குள் இருந்தால் அந்த நேரத்தில் அது இல்லாததற்குச் சமம். அப்புறம், யார் வெட்டுவது என்பதையும் முன்பே பேசி வையுங்கள். பையன் கையில் கோல் இருந்தால் நீங்கள் வெட்டுங்கள், அவனை வெட்டச் சொல்ல வேண்டாம். வாழ்க்கையிலேயே பெரிய மீனைப் பிடித்திருக்கிற பதினோரு வயதுப் பையனால் அந்த நேரத்தில் அதைச் செய்ய முடியாது, செய்யச் சொல்வதும் நியாயமில்லை. வீட்டிலேயே ஓரிரு முறை ஒத்திகை பாருங்கள். "கரடி" என்று நீங்கள் சொன்னதும் அவன் கோலைத் தாழ்த்தி உங்கள் முதுகுப்பக்கம் வந்து நிற்க வேண்டும். ஓடக் கூடாது, கத்தக் கூடாது.

வெட்டியபின் கரைக்கு வந்து, மூவரும் ஒட்டி நின்று, மெதுவாகப் பின்வாங்குங்கள். எந்தப் பக்கம் பின்வாங்குவது என்பதையும் யோசிக்க வேண்டும். ஆற்றோரமாகவே நடந்தால் கரடி போகிற பாதையில்தான் நீங்களும் போவீர்கள். கரையில் புல் மிதிபட்டுக் கிடக்கும் ஒற்றையடிப் பாதைகளைப் பார்ப்பீர்கள், அவற்றில் பல கரடிகள் நடந்து நடந்து உண்டானவை. ஆற்றை விட்டு உள்ளே தள்ளி வந்து, அது போக வழி விட்டு நில்லுங்கள். பல நேரம் அது உங்களை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தன் வழியில் போகும். தண்ணீருக்குள் நின்றால் பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். கரடி நம்மைவிட நன்றாக நீந்தும்.

சரி, மணி. மச்சானிடம் அன்போடு சொல்லிவிடுங்கள், மணி பயன்படாது. ஆற்றிரைச்சலில் அந்தச் சின்னச் சத்தம் கேட்கவே கேட்காது, கேட்டாலும் மனிதன் வருகிறான் என்று கரடிக்கு உறைக்காது. மனிதக் குரல்தான் வேண்டும். பேசிக்கொண்டே நடங்கள். திருப்பங்களிலும், ஆல்டர், வில்லோ புதர்கள் அடர்ந்த இடங்களிலும், காற்று எதிரே அடிக்கும்போதும் குரலை உயர்த்துங்கள், கை தட்டுங்கள். எதிர்க்காற்றில் உங்கள் வாசனை முன்னால் போகாது. ஆறு இரைந்தால் உங்கள் காலடியும் கேட்காது. இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் பத்தடி தூரத்தில் திடீரென்று முகத்துக்கு முகம் சந்திப்பது நடக்கிறது. பழுப்புக் கரடி தாக்கிய சம்பவங்களில் பெரும்பகுதி இப்படித் திடுக்கிட்டதால் வந்தவை, குட்டியோடு இருக்கும் தாயாக இருந்தால் இன்னும் ஆபத்து. காதில் பாட்டு கேட்கும் கருவியை மாட்டிக்கொண்டு மீன் பிடிக்க வேண்டாம். இரண்டு பேர் தண்ணீரில் நின்றால் மூன்றாமவர் கரையைப் பார்த்தபடி நிற்கட்டும், முறை மாற்றிக்கொள்ளுங்கள். மீன் பிடிப்பவர் கண் முழுக்கத் தண்ணீரில்தான் இருக்கும், பின்னால் வருவது அவருக்குத் தெரியவே தெரியாது.

ஜூலை தொடக்கத்தில் அங்கே சூரியன் மறையவே இரவு 11 மணியைத் தாண்டிவிடும். வெளிச்சம் இருக்கிறதே என்று நள்ளிரவு வரை நிற்கத் தோன்றும். ஆட்கள் கூட்டம் குறைகிற அந்த நேரத்துக்காகக் காத்திருந்து ஆற்றுக்கு வருகிற கரடிகள் உண்டு. பையனோடு போகிறவர் பகலில் பிடித்துவிட்டுக் கிளம்பிவிடுவது நல்லது.

பிடித்த மீனை என்ன செய்வது என்பதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. மீனைக் கயிற்றில் கோத்துத் தண்ணீரில் தொங்கவிட்டுவிட்டு நாற்பதடி தள்ளிப் போய்த் தூண்டில் போடுவது பலர் செய்வது. கரடிக்குப் பந்தி வைப்பதும் அதுவும் ஒன்றுதான். ரஷ்யன் ஆற்றுப் பகுதியில் மீனையோ உணவையோ பையையோ ஆளில்லாமல் விட்டுவைக்கக் கூடாது என்று வனத்துறை உத்தரவே இருக்கிறது. கரடியை ஈர்க்கும் விதத்தில் உணவையோ குப்பையையோ அலட்சியமாக விட்டுவைப்பது அலாஸ்கா மாநிலச் சட்டப்படி குற்றம், வேண்டுமென்றே ஊட்டினால்தான் குற்றம் என்றில்லை. பிடித்ததும் கொன்று, ஐஸ் போட்ட பெட்டியில் வைத்து, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் ஆற்றைவிட்டு வெளியே கொண்டுபோய்விடுங்கள். சாதாரண ஐஸ் பெட்டியின் மூடி கரடிக்கு ஒரு தடையே அல்ல. கரடி திறக்கமுடியாது என்று சோதித்துச் சான்று பெற்ற பெட்டிகள் விற்கின்றன. அவற்றுக்கும் பூட்டு போட்டால்தான் அந்தச் சான்று செல்லும், இதைப் பலர் கவனிப்பதில்லை.

மீனைக் கரையிலேயே அறுத்துச் சுத்தம் செய்யவேண்டுமா? என்னைக் கேட்டால் வேண்டாம், முழுசாகவே எடுத்துச் செல்லுங்கள். குடலும் தலையும் கரையோர ஆழமில்லாத தண்ணீரில் தேங்கிக் கிடந்தால் அடுத்த நாள் அங்கே கரடி நிற்கும். வேறு வழியில்லை என்றால் அந்தப் பகுதி அதிகாரிகள் எங்கே செய்யச் சொல்கிறார்களோ அங்கே மட்டும் செய்யுங்கள். கழிவை ஆற்றில் போட அனுமதி இருக்கும் இடத்தில் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, வேகமாக ஓடும் ஆழமான நீரோட்டத்தில் வீச வேண்டும். இந்த விதிகள் இடத்துக்கு இடம், ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. போன அன்றே முகாம் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள், எந்தக் கரடி எந்தப் பக்கம் நடமாடுகிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இனி துப்பாக்கியா, ஸ்ப்ரேயா என்பது. மிளகாயின் காரச்சத்தை அழுத்தத்தில் அடைத்த கரடி ஸ்ப்ரேயைத்தான் நான் சொல்வேன், ஆளுக்கு ஒன்று, பையனைத் தவிர. 1985 முதல் 2006 வரை அலாஸ்காவில் ஸ்ப்ரே பயன்படுத்திய சம்பவங்களைத் திரட்டிய ஓர் ஆய்வு 2008இல் வெளிவந்தது. கரடியின் வேண்டாத நடத்தையைப் பழுப்புக் கரடியிடம் 92 விழுக்காடும் கருங்கரடியிடம் 90 விழுக்காடும் ஸ்ப்ரே தடுத்து நிறுத்தியிருந்தது. நெருங்கிய சந்திப்புகளில் ஸ்ப்ரே வைத்திருந்தவர்களில் 98 விழுக்காட்டினருக்குக் காயமே இல்லை. பாய்ந்து வரும் கரடியைக் குறி தவறாமல் சுடுவதற்குக் கடும் பயிற்சி வேண்டும், பக்கத்தில் பையன் நிற்கும்போது அது இன்னும் கடினம். தற்காப்புக்காகக் கொன்றாலும் அலாஸ்காவில் அதிகாரிகளுக்குத் தெரிவித்து, தோலையும் மண்டையோட்டையும் எடுத்து அரசிடம் ஒப்படைக்க வேண்டும். உணவை அலட்சியமாக விட்டதால் வந்த கரடி என்றால் தற்காப்பு என்ற வாதமே நிற்காது. மச்சானுக்குத் துப்பாக்கிப் பயிற்சி இல்லையென்றால் அந்தப் பேச்சை விட்டுவிடலாம்.

ஸ்ப்ரே எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். தண்ணீரில் இறங்க மார்பளவு ரப்பர் உடை போட்டிருப்பீர்கள், இடுப்பு பெல்ட்டில் மாட்டியது அதற்குள் போய்விடும். மார்புப் பட்டையில், வலக்கையோ இடக்கையோ பழகிய கைக்கு எட்டும்படி மாட்டுங்கள். பாதுகாப்புக் கொக்கியைக் கட்டைவிரலால் தள்ளிப் பழகுங்கள். காரம் இல்லாத பயிற்சி டப்பாக்கள் கிடைக்கும், அதில் மூவரும் பழகலாம். 7 முதல் 9 மீட்டர் வரைதான் பொதுவாக எட்டும், அதனால் கரடி ஏறக்குறைய 10 மீட்டரில் வரும்போதே அடிக்கத் தொடங்கவேண்டும். அதன் முகத்துக்குச் சற்றுக் கீழே குறிவைத்து ஒன்றிரண்டு விநாடி அடித்தால், அது ஓடி வந்து அந்தப் புகைக்குள் நுழையும். காற்று எதிரே அடித்தால் உங்கள் கண்ணும் எரியும், இருந்தாலும் அடியுங்கள். காலாவதித் தேதி பாருங்கள், வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவைக்காதீர்கள். கொசு மருந்தைப் போல உடம்பிலோ கூடாரத்திலோ தெளித்துவைக்கக் கூடாது. காய்ந்துபோன அந்த வாசனை கரடியை விரட்டாது, வரவழைக்கும்.

நெருங்கிவிட்ட கரடி எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள். பின்னங்காலில் எழுந்து நின்றால் அது தாக்குதல் இல்லை, என்னவென்று பார்க்கிறது, மோப்பம் பிடிக்கிறது. மூச்சை உஸ்ஸென்று விடுவது, பல்லைக் கடிப்பது, எச்சில் ஒழுகுவது, காதைப் பின்னுக்கு மடக்குவது, இவை அதற்கு நெருக்கடி என்பதற்கான அடையாளம். தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே பின்வாங்குங்கள். நேராகப் பாய்ந்து வந்தாலும் அசையாமல் நில்லுங்கள், பாய்ச்சல்களில் பல பாதியில் நின்றுவிடும் மிரட்டல்கள். ஓடினால் துரத்தும் உணர்வைத் தூண்டிவிடுவீர்கள்.

மேலே விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பதைத் தெரிந்துகொண்டுதான் போகவேண்டும். திடுக்கிட்டுத் தற்காப்புக்காகத் தாக்கிய பழுப்புக் கரடி என்றால் குப்புறப் படுத்து, கால்களை அகட்டி, இரண்டு கைகளையும் பின்கழுத்தில் கோத்துக்கொண்டு அசையாமல் கிடங்கள். முதுகுப் பையைக் கழற்றாதீர்கள். அது விலகிப் போனபிறகும் கொஞ்ச நேரம் எழுந்திருக்காதீர்கள். விடாமல் கடித்துக்கொண்டே இருந்தால், அல்லது கருங்கரடி தாக்கினால், அல்லது எந்தக் கரடியாயினும் கூடாரத்துக்குள் புகுந்தால், கையில் கிடைத்ததை எடுத்து மூக்கிலும் கண்ணிலும் அடித்து முழுமூச்சாகச் சண்டை போடவேண்டும். இரண்டு இனத்தையும் நிறத்தை வைத்துப் பிரிக்காதீர்கள், கருங்கரடியிலும் பழுப்பு நிறம் உண்டு. தோள்மேல் திமில் போன்ற மேடு, உட்குழிந்த முகம், நீண்ட நகம் என்றால் பழுப்புக் கரடி.

கூடாரத்தைப் பற்றிச் சுருக்கமாக. கரடிப் பாதையிலிருந்தும் தண்ணீர் ஓரத்திலிருந்தும் தள்ளிப் போடுங்கள். சமைப்பதும் சாப்பிடுவதும் முடிந்தால் அங்கிருந்து 100 கெஜம் தள்ளி நடக்கட்டும். முகாமில் இரும்பு உணவுப் பெட்டி இருந்தால் உணவு, குப்பை, பற்பசை, சோப்பு, மீன் வாசனை பட்ட கைத்துண்டு எல்லாம் அதற்குள். மீன் பிடித்த உடையோடு தூங்கப் போகக் கூடாது, இதைப் பையனுக்கு நீங்கள்தான் தினமும் நினைவுபடுத்த வேண்டியிருக்கும். நடக்கும்போது அவன் உங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கட்டும், முன்னால் ஓட விடாதீர்கள்.

இவ்வளவையும் மீறி ஒரு கரடி உங்கள் மீனையோ பையையோ எடுத்துவிட்டால் திரும்ப வாங்கப் போகாதீர்கள், பைக்குள் பாஸ்போர்ட்டே இருந்தாலும். வெளியே வந்ததும் வனத்துறை அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் அடுத்து அங்கே நிற்கப்போகிறவருக்கு எச்சரிக்கை போய்ச் சேராது.

உங்கள் மனைவிக்கு இந்தப் பதிலை அப்படியே காட்டுங்கள். அவருடைய பயத்தைத் தட்டிக்கழிக்க வேண்டாம், இங்கே சொன்ன ஒத்திகையை அவர் முன்னாலேயே செய்து காட்டுங்கள். ஸ்ப்ரேயை சியாட்டிலில் வாங்கிவிடாதீர்கள், பயணிகள் விமானத்தில் கைப்பையிலும் சரி, ஏற்றி அனுப்பும் பெட்டியிலும் சரி, அனுமதி இல்லை. ஆங்கரேஜில் இறங்கியதும் வாங்கிக்கொண்டு கீனாய்க்குக் கிளம்புங்கள். திரும்பும்போது பயன்படுத்தாமல் மிஞ்சியதை, அன்றைக்கு ஆற்றுக்கு வந்து இறங்குகிற வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு வாருங்கள்.